ஆசிரியர் இல்லாத வகுப்பு: பிரிட்டனின் மூன்றாம் பருவப் பல்கலைக்கழகங்கள் எப்படி நடக்கின்றன?

பிரிட்டன் நகரங்களில் நூலக அறிவிப்புப் பலகையிலும் தேவாலய மண்டப வாசலிலும் 'யூ3ஏ' என்ற சுவரொட்டியைப் பார்க்கலாம். பிள்ளைகளைப் பார்க்கப் போய்ச் சில மாதம் தங்கும் நம் ஊர்ப் பெற்றோர் கண்ணிலும் அது படும். விரித்துச் சொன்னால் 'மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம்'. அதைக் கேட்டதும் கேள்விகள் வரிசையாக வரும். பட்டம் உண்டா? கட்டணம் எவ்வளவு? பாடம் நடத்துவது யார்? எத்தனை வயதில் சேரலாம்?

பட்டம் கிடையாது, தேர்வும் கிடையாது. பாடம் நடத்துவது உறுப்பினர்களேதான், அதுவும் சம்பளம் இல்லாமல். வயது வரம்பு இல்லை. முழுநேர வேலையில் இல்லாதவராக இருந்தால் போதும். பல்கலைக்கழகம் என்ற பெயரே சிலரை மிரட்டி விரட்டுகிறது என்ற குறை இயக்கத்துக்குள்ளேயே நெடுநாளாக உண்டு. அதனாலோ என்னவோ, இப்போது பெரும்பாலும் சுருக்கப் பெயரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பிரிட்டன் முழுக்க ஏறத்தாழ 1,000 கிளைகள், 4 லட்சத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்கள்.

அரசு மானியத்தை நம்பாமல், ஊதியம் பெறும் ஆசிரியர் ஒருவர்கூட இல்லாமல் இவ்வளவு பெரிய அமைப்பு 40 ஆண்டுக்கு மேல் ஓடுகிறது என்றால், அது எப்படி என்று பார்க்க வேண்டும். எங்கே தடுக்கி விழுகிறது என்றும் பார்க்க வேண்டும்.

மூன்றாம் பருவம் என்பது எது?

இந்தக் கருத்தை ஆங்கில உலகில் பரப்பியவர் பீட்டர் லாஸ்லெட். கேம்பிரிட்ஜில் இருந்த வரலாற்றாசிரியர். பழைய தேவாலயப் பதிவேடுகளிலிருந்து இங்கிலாந்துக் குடும்பங்களின் பிறப்பு, இறப்பு, திருமணக் கணக்கைத் தோண்டியெடுத்த ஆய்வுக் குழுவை 1964-இல் தொடங்கியவர்களில் ஒருவர். அவர் மனித வாழ்வை நான்காகப் பிரித்தார்.

1. முதல் பருவம்: பிறரைச் சார்ந்து வளர்ந்து, படிக்கும் காலம்.
2. இரண்டாம் பருவம்: சம்பாதித்து, குடும்பம் நடத்தும் காலம்.
3. மூன்றாம் பருவம்: பிழைப்புக்கான பொறுப்பு குறைந்து, உடம்பும் மனமும் இன்னும் ஒத்துழைக்கும் காலம்.
4. நான்காம் பருவம்: மீண்டும் பிறரைச் சார்ந்து வாழும் இறுதிக் காலம்.

இவை பிறந்த நாளை வைத்துக் கணக்கிடுபவை அல்ல. 55 வயதில் ஒருவர் மூன்றாம் பருவத்துக்குள் வரலாம். 70 வயதிலும் இன்னொருவர் இரண்டாம் பருவத்திலேயே உழைத்துக்கொண்டிருக்கலாம். மக்கள்தொகைக் கணக்கில் ஊறியவர் என்பதால் லாஸ்லெட் ஓர் அளவுகோலும் வைத்தார். ஒரு நாட்டில் 25 வயதுக்காரர்களில் பாதிப்பேராவது 70 வயதைத் தொடும் நிலை வந்தால்தான் மூன்றாம் பருவம் ஒரு சமூக நடப்பாகும். அதுவரை அது வசதியுள்ள சிலருக்கு வாய்க்கும் தனி அதிர்ஷ்டம்தான். இதையெல்லாம் விரிவாக எழுதிய அவருடைய நூல் 1989-இல் வந்தது.

நான்காம் பருவத்தைத் தனியே வெட்டி ஒதுக்கியதற்காக அவரைக் குறை சொல்பவர்களும் உண்டு. அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. பின்னால் பார்ப்போம்.

தூலூஸ் ஒரு வழி, கேம்பிரிட்ஜ் மறு வழி

மூன்றாம் பருவப் பல்கலைக்கழகம் பிறந்தது பிரான்சில். 1973-இல் தூலூஸ் நகரில் பியர் வெல்லா என்ற சர்வதேசச் சட்டப் பேராசிரியர் தொடங்கினார். வாழ்நாள் கல்விக்கும் பல்கலைக்கழகங்கள் பொறுப்பேற்க வேண்டும் என்று பிரெஞ்சுச் சட்டம் அதற்குச் சற்று முன்புதான் வழிசெய்திருந்தது. எனவே அங்கே பல்கலைக்கழகம் என்ற பெயர் பொருத்தமானதே: கட்டடம் பல்கலைக்கழகத்துடையது, பேசுபவர் பேராசிரியர், முதியவர் மாணவர். ஐரோப்பாவின் பல நாடுகள் இந்த வழியைப் பின்பற்றின. போலந்தில் 1975-இலேயே வார்சா நகரில் ஹலினா ஷ்வார்ட்ஸ் என்ற மருத்துவர் ஒன்றைத் தொடங்கிவிட்டார்.

பிரிட்டனுக்கு இது வந்தபோது ஆளே மாறிப்போனது. 1981-இல் லாஸ்லெட்டோடு சேர்ந்து இதைக் கையிலெடுத்தவர்கள் இருவர். ஒருவர் எரிக் மிட்வின்டர், முதுமை குறித்த கொள்கை ஆய்வு மையம் ஒன்றின் தலைவர். மற்றவர் மைக்கேல் யங். திறந்தநிலைப் பல்கலைக்கழகத்துக்கும் நுகர்வோர் சங்கத்துக்கும் விதை போட்டவர். சாமானியர்கள் தங்களுக்குள் கூடித் தங்கள் தேவையைத் தீர்த்துக்கொள்ள முடியும் என்பதை வாழ்நாள் முழுக்க நம்பியவர். ஓய்வுபெற்றவர்களிடையே பொறியாளரும் செவிலியரும் மொழிபெயர்ப்பாளரும் தோட்டக்காரரும் ஏற்கெனவே இருக்கிறார்கள், பேராசிரியருக்காக ஏன் காத்திருக்க வேண்டும் என்பது இவர்கள் வாதம். 1982-இல் கேம்பிரிட்ஜில் முதல் அமைப்பு தொடங்கியது. 1984-இல் மெல்பர்ன் நகரில் ஆஸ்திரேலியாவின் முதல் கிளையும் இதே வழியில் வந்தது.

சீனா மூன்றாவதாக ஒரு பாதையில் போனது. 1983-இல் ஷான்டோங் மாகாணத்தில் தொடங்கிய அந்நாட்டின் முதியோர் பல்கலைக்கழகங்கள் அரசின் அரவணைப்பில் வளர்ந்தவை. ஓய்வுபெற்ற அதிகாரிகளுக்காகத் தொடங்கிப் பிறகு பொதுமக்களுக்கும் திறக்கப்பட்டவை. சிங்கப்பூரிலும் அரசே முன்கை எடுத்து, 50 வயது கடந்தோருக்காக 2016-இல் தேசிய முதியோர் கல்விக்கழகத்தை ஏற்படுத்தியது.

மூன்று வழிக்கும் மூன்று விலை. பேராசிரியர் வழியில் தரம் உறுதி, ஆனால் முதியவர் கடைசிவரை கேட்பவராகவே இருக்கிறார். அரசு வழியில் பணம் உறுதி, ஆனால் எதைக் கற்பது என்பதை மேலே இருப்பவர் முடிவு செய்வார். பிரிட்டிஷ் வழியில் பணமும் இல்லை, தர உறுதியும் இல்லை. மொத்தப் பாரமும் உறுப்பினர் தலையில். எனக்குப் பிரிட்டிஷ் வழிதான் சிறந்ததாகப் படுகிறது. எளிதில் உடையக்கூடியதும் அதுதான்.

ஒரு கிளையின் உள்ளே

கிளைகள் ஒவ்வொன்றும் தனித்தனி அறக்கட்டளைகள். எல்லாவற்றுக்கும் மேலே 'தேர்டு ஏஜ் டிரஸ்ட்' என்ற தேசிய அமைப்பு உண்டு. கிளைகள் ஆளுக்கு இவ்வளவு என்று ஆண்டுக்கு ஒரு சிறு தொகையை அதற்குக் கட்டுகின்றன. பதிலுக்குக் காப்பீடு, சட்ட ஆலோசனை, கணக்குப் பார்க்க உதவி கிடைக்கும். மண்டபத்தில் ஒருவர் வழுக்கி விழுந்து வழக்கு வந்தால் கிளையைக் காப்பது இந்தக் காப்பீடுதான்.

கிளையின் நடவடிக்கைகள் இரண்டு அடுக்காக நடக்கும்.

1. பொதுக்கூட்டம். பல கிளைகளில் மாதம் ஒருமுறை, சில இடங்களில் வாரந்தோறும். முக்கால் மணி நேரப் பேச்சு, பிறகு கேள்விகள், முன்னாலோ பின்னாலோ தேநீர். பேச்சாளரைப் பிடிப்பதற்கென்றே ஒரு செயலர் இருப்பார். நல்ல பேச்சாளர்கள் பல மாதம் முன்பே நிரம்பிவிடுவதால் அடுத்த ஆண்டுப் பட்டியலை இந்த ஆண்டே போட வேண்டியிருக்கும். வெளியாருக்குப் பயணச்செலவும் சிறு கட்டணமும் தரலாம். சொந்தக் கிளையில் பேசும் உறுப்பினருக்குப் பணம் தரக் கூடாது.

2. ஆர்வக் குழுக்கள். ஐந்து பேர் முதல் இருபது பேர் வரை, ஒரு பொருளைப் பற்றி வாரத்துக்கோ இரு வாரத்துக்கோ ஒருமுறை கூடுவார்கள். உள்ளூர் வரலாறு, நிலவியல், பிரெஞ்சு உரையாடல், லத்தீன், பறவை பார்த்தல், உகுலேலே என்ற சிறு கித்தார் வாசிப்பு, கணிதப் புதிர் என்று பட்டியல் நீளும். பெரும்பாலும் யாராவது ஒருவர் வீட்டுக் கூடத்தில்தான் நடக்கும். மண்டப வாடகை மிச்சம்.

உறுப்பினருக்குப் பணம் தரக் கூடாது என்பது கஞ்சத்தனமாகத் தெரியும். உள்ளே ஒரு கணக்கு இருக்கிறது. நான் நிலவியல் சொல்லித் தருகிறேன், நீ எனக்குப் பிரெஞ்சு சொல்லித் தருகிறாய் என்ற கொடுக்கல் வாங்கல் இருக்கும்வரை யாரும் யாருக்கும் வாடிக்கையாளர் இல்லை. நிலவியல்காரருக்கு மணிக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டால் பிரெஞ்சுக்காரரும் கேட்பார், தேநீர் போடுபவருக்கும் கேட்கத் தோன்றும். சந்தா ஏறும். அதன்பின் சந்தா கட்டியவர் தரம் பற்றிப் புகார் செய்வார், அது அவர் உரிமை.

பணக் கணக்கை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் பார்க்கலாம். மண்டப வாடகை மணிக்கு 15 பவுண்டு, வாரம் 2 மணி நேரம், ஆண்டில் 40 வாரம் என்றால் 1,200 பவுண்டு. 60 பேர் ஆளுக்கு 20 பவுண்டு கட்டினால் அது அப்படியே ஈடாகிவிடும். பேச்சாளர் செலவும் தேசிய அமைப்புக்கான பங்கும் சேர்ந்தால் சந்தா இன்னும் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான். தனியார் மாலை வகுப்பு எதுவும் இந்த விலைக்கு வராது.

கூட்டம் தொடங்கும் நேரத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. இங்கிலாந்தில் முதியோருக்கான இலவசப் பேருந்து அட்டை, வேலை நாட்களில் பொதுவாகக் காலை 9.30-க்குப் பிறகுதான் செல்லும். 9 மணிக்குக் கூட்டம் வைத்தால் பேருந்தில் வருபவர் காசு கொடுத்து வர வேண்டும். 10.30 என்பது சோம்பேறித்தனம் அல்ல.

கேட்பதும் கற்பதும்

வெளியிலிருந்து பார்ப்பவர்கள் பொதுக்கூட்டப் பேச்சைத்தான் அமைப்பின் மையம் என்று நினைப்பார்கள். படம் எடுக்க வசதியானதும், செய்தியில் வருவதும் அதுதான். என் கணிப்பில் பேச்சுக் கூட்டம் ஒரு வாசல். புதியவர் யாரிடமும் பேசாமல் பின்வரிசையில் உட்கார்ந்துவிட்டுப் போக முடிகிற ஒரே இடம் அது என்பதால் அவசியமானது. கற்றல் என்று சொல்லத்தக்கது நடப்பது சிறு குழுவில்.

இதற்கு ஆய்வுச் சான்று ஓரளவு உண்டு. 2006-இல் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு சோதனை நடத்தினர். ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து சொல்லிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவு வைத்திருந்தார்கள். சோதிக்கப்பட்டவர்கள் கல்லூரி மாணவர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. ஆனாலும், அடுத்த வாரம் பத்துப் பேர் முன்னால் நாம் விளக்க வேண்டும் என்று தெரிந்து படிப்பதற்கும், கேட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போவதற்கும் வேறுபாடு இருப்பதை இது காட்டுகிறது.

முதியவர்களையே சோதித்த ஆய்வும் இருக்கிறது. டல்லஸில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் டெனிஸ் பார்க் தலைமையிலான குழு 2014-இல் வெளியிட்டது. 60 முதல் 90 வயது வரையான இருநூறுக்கு மேற்பட்டோரைப் பிரித்து, ஒரு சாராருக்கு டிஜிட்டல் புகைப்படக் கலையோ ஒட்டுத்துணித் தையலோ புதிதாகக் கற்றுக்கொடுத்தார்கள். இன்னொரு சாரார் கூடிப் பேசி, விளையாடி, ஒன்றாக வெளியே போய்வந்தார்கள். மூன்று மாதம் கழித்து, புதிதாகக் கற்றவர்களின் நினைவாற்றல் கூடியிருந்தது, குறிப்பாகப் புகைப்படம் கற்றவர்களுக்கு. வெறுமனே கூடிக் களித்தவர்களிடம் அந்த அளவு முன்னேற்றம் இல்லை.

இந்த ஆய்வை மேற்கோள் காட்டி வாரம் ஒரு பேச்சுக்குப் போங்கள், மூளை கூர்மையாகும் என்று எழுதுபவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். அதில் கலந்துகொண்டவர்கள் வாரம் 15 மணி நேரத்துக்கும் மேல் செலவிட்டார்கள். வாரத்தில் ஒரு மணி நேரம் கேட்பதற்கு அந்தப் பலன் வரும் என்று சொல்ல எந்த ஆதாரமும் அதில் இல்லை.

மறதி நோயைப் பற்றியும் இதே நிதானம் வேண்டும். லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் 2024-இல், மறதி நோயில் சுமார் 45 விழுக்காட்டைக் கோட்பாட்டளவில் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்று மதிப்பிட்டு, 14 காரணிகளைப் பட்டியலிட்டது. சமூகத்திலிருந்து ஒதுங்கி வாழ்வதன் பங்கு 5 விழுக்காடு. செவித்திறன் குறைவின் பங்கு அதைவிட அதிகம், 7 விழுக்காடு. இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை. காது மந்தமானவர் எதிரொலிக்கும் கல் மண்டபத்தில் நான்கு வாரம் ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருப்பார், ஐந்தாவது வாரம் வர மாட்டார். ஏன் வரவில்லை என்று யாரும் கேட்டால் முழங்கால் வலி என்பார். காதுக் கருவிக்கு நேரே ஒலியை அனுப்பும் தூண்டல் வளையம் உள்ள மண்டபத்தைத் தேடிப் பிடிப்பதும், கேள்வி கேட்பவர் கையிலும் மைக் கொடுப்பதும் பேச்சாளர் யார் என்பதைவிட முக்கியமாவது இப்படித்தான். 'எனக்கு மைக் வேண்டாம், என் குரல் கணீரென்று இருக்கும்' என்று சொல்லும் பேச்சாளரை எந்த நாட்டிலும் பார்க்கலாம்.

இன்னொரு எச்சரிக்கை. இத்தகைய அமைப்புகளில் இருப்பவர்கள் மற்றவர்களைவிட ஆரோக்கியமாக இருக்கிறார்கள் என்று கணக்குக் காட்டினால், அமைப்புதான் அவர்களை ஆரோக்கியமாக்கியது என்று ஆகாது. ஆரோக்கியமும் படிப்பும் காரும் உள்ளவர்கள்தான் முதலில் சேருகிறார்கள்.

வராதவர்கள்

பிரிட்டிஷ் கிளைகளில் நான்கில் ஏறத்தாழ மூன்று பேர் பெண்கள். கணவர்களை மனைவிமார் இழுத்து வந்தால்தான் உண்டு. ஆண்கள் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவதைவிடப் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஒரு வேலையைச் செய்துகொண்டே பேசுவதை விரும்புகிறார்கள் என்ற எண்ணத்தில் ஆஸ்திரேலியாவில் 1990-களில் 'மென்ஸ் ஷெட்' என்ற பட்டறைகள் வந்தன. மரவேலையும் பழுதுபார்ப்பும் நடக்கும் கொட்டகை, நட்பு பக்கவிளைவு. இப்போது அங்கே 1,000-க்கு மேற்பட்ட கொட்டகைகள் உள்ளன.

படிப்பு குறைந்தவர்கள், உடலுழைப்பு வேலை செய்து ஓய்ந்தவர்கள், புலம்பெயர்ந்தவர்கள் ஆகியோர் வருவதும் குறைவு. கிளை யாரையும் தடுப்பதில்லை. ஆனால் உறுப்பினர் வீட்டுக் கூடத்தில் நடக்கும் குழுவுக்கு, அந்தத் தெருவுக்கே அந்நியரான ஒருவர் தனியாகக் கதவைத் தட்டிக்கொண்டு போவது எளிதல்ல. வீட்டில் கூடுவதால் செலவு மிச்சமாகிறது என்று மேலே சொன்னேன். அதன் மறுபக்கம் இது.

நான்காம் பருவம் பற்றிய குறை இங்கேதான் உறைக்கிறது. 70 வயதானபின் பிரிட்டனில் ஓட்டுநர் உரிமத்தை மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். கார் ஓட்டுவதை நிறுத்தும் நாளில், பேருந்து வராத ஊரில் இருப்பவருக்குக் குழுவும் நின்றுபோகிறது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது கிளைகள் ஜூம் வழியாகக் கூடப் பழகின. வெளியே வர முடியாதவர்களில் சிலர் அப்போதுதான் திரும்ப வந்தார்கள். மண்டபங்கள் திறந்ததும் பல குழுக்கள் திரையை மூடிவிட்டன. அதில் எனக்குச் சம்மதமில்லை.

பேச ஆள் உண்டு, பொருளாளர் இல்லை

அறிவுக்குப் பஞ்சம் வந்து மூடிய கிளை இருக்குமா என்பது சந்தேகம். தலைவர், செயலர், பொருளாளர் ஆகிய மூன்று நாற்காலிக்கும் ஆள் கிடைக்காததால் மூடுவதுதான் உண்மையான ஆபத்து. பதவிக்காலம் முடிந்தவருக்கு மாற்று இல்லை என்றால் கிளையைக் கலைப்பது பற்றிப் பொதுக்குழு பேச வேண்டிவரும்.

இதற்கு ஓய்வூதிய வயதோடு தொடர்பு இருக்கிறது என்று நினைக்கிறேன்.

1. பிரிட்டனில் பெண்களுக்கு அரசு ஓய்வூதிய வயது 2010 வரை 60. அது படிப்படியாக ஏறி 2018-இல் ஆண்களைப் போல 65 ஆனது, 2020-இல் இருபாலருக்கும் 66. 2026 முதல் 2028-க்குள் 67 ஆகிறது.

2. கட்டாய ஓய்வு வயது என்பதே 2011-இல் நீக்கப்பட்டது. விரும்புபவர் வேலையில் தொடரலாம்.

3. ஆக, உறுப்பினர்களில் முக்கால்வாசியான பெண்கள் முன்பு 60 வயதில் வந்து சேர்ந்து பத்தாண்டு ஓடியாடிப் பொறுப்பு வகிக்க முடிந்தது. இப்போது 67-ஐ ஒட்டி வருகிறார்கள். அதற்குள் பேரப்பிள்ளைகள், சில வீடுகளில் 90 வயதைத் தாண்டிய பெற்றோர்.

4. வந்தவர்கள் கற்க ஆர்வம் காட்டுகிறார்கள். வங்கிக் கணக்கில் கையெழுத்திடக் கேட்டால் பின்வாங்குகிறார்கள். தரவுப் பாதுகாப்பு, அறக்கட்டளை அறிக்கை என்று காகித வேலை கூடியதும் ஒரு காரணம்.

சமாளித்து நிற்கும் கிளைகள் பொறுப்பை நறுக்கிப் பகிர்கின்றன. பொருளாளருக்குத் துணைப் பொருளாளர், குழு ஒருங்கிணைப்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்று ஆள், எந்தப் பதவிக்கும் மூன்றாண்டு வரம்பு. குழுவுக்குள்ளும் ஒரே நிபுணர் ஆண்டுக்கணக்கில் நடத்துவதைத் தவிர்த்து, முறைவைத்து ஆளுக்கொரு தலைப்பை எடுக்கச் செய்கிறார்கள். நிபுணர் படுத்துவிட்டால் குழுவும் படுத்துவிடும் என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டவர்கள்.

தமிழ்நாட்டுக்கு ஒரு குறிப்பு

தமிழ்நாட்டில் 60 வயதைக் கடந்தோர் 2011 கணக்கெடுப்பில் 10.4 விழுக்காடு, 2021-க்கான அரசு மதிப்பீடு 13.6. பெரிய மாநிலங்களில் கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. அரசு ஊழியரின் ஓய்வு வயது 2020-இல் 58-இலிருந்து 59, அடுத்த ஆண்டே 60 என்று ஏறியது. லாஸ்லெட் சொன்ன பருவம் இங்கேயும் வந்துகொண்டிருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் இல்லை. பிரிட்டனின் முழு அரசு ஓய்வூதியம் 2025-26-இல் வாரத்துக்கு 230 பவுண்டு. தமிழ்நாட்டின் முதியோர் உதவித்தொகை 2023-இல் மாதத்துக்கு 1,200 ரூபாய் ஆனது. 2017-18-இல் நடந்த இந்திய முதுமை ஆய்வில், நாட்டின் 60 வயது கடந்தோரில் மூன்றில் ஒருவருக்கு மேல் இன்னும் வேலை செய்துகொண்டிருந்தார்கள். பகல் 10.30-க்குக் கூட்டம் என்றால் இவர்களால் வர முடியாது.

ஓய்வூதியம் பெறும் லட்சக்கணக்கானோருக்கு மட்டுமாவது இந்த முறை ஒத்துவருமா? இடம் ஒரு தடையே அல்ல. சொத்து வரியோடு 10 விழுக்காடு நூலக வரி வாங்கும் மாநிலம் இது. ஊர் நூலகங்களும், பல ஊர்களில் அவற்றோடு வாசகர் வட்டங்களும் இருக்கின்றன. ஆனால் வட்டத்தின் கூட்டம் என்றால் வெளியூர்ச் சிறப்பு விருந்தினர், பொன்னாடை, வாழ்த்துரை, தலைமையுரை, கடைசியில் நன்றியுரை என்று போகிறது. அதில் கேட்பவர் கேட்பவராகவே வீடு திரும்புகிறார். ஓய்வுபெற்ற மின்வாரியப் பொறியாளரும் செவிலியரும் நில அளவையாளரும் அந்த நாற்காலிகளில்தான் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் ஒருவரை அடுத்த வாரம் எழுந்து மின் கட்டணப் பட்டியலை வரிவரியாக விளக்கச் சொல்வதற்கு மேடை தேவையில்லை, நூலகர் ஒரு மேசையை ஒதுக்கினால் போதும்.